முதல் ஃபைபர் படகு வாங்குவோருக்கு: சென்னைக் கரையில் படகுக்காரர்களோடு இணைந்து தொழில் செய்யும் முறை

எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து கோவளம் வரை மணலில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகளைப் போல ஒன்றைச் சொந்தமாக வாங்கித் தொழிலுக்குப் போக நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் வேண்டும், வலையின் கண்ணளவு என்ன என்பவற்றைக் கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். பக்கத்துப் படகுக்காரரோடு எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. படகு வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரத் தேவையும் இல்லை. பல ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறவர்களும், அடுத்தவர் படகில் ஆளாகப் போய்ப் பணம் சேர்த்து முதல் படகு வாங்குகிறவர்களும், திருமணமாகி வேறு குப்பத்திலிருந்து வந்தவர்களும்தான் இதில் திணறுகிறார்கள்.

கட்டுமரம் இருந்த காலத்தில் ஒருவர் மற்றவரை இந்த அளவுக்குச் சார்ந்திருக்கவில்லை. கட்டுமரம் மூழ்காது, கவிழ்ந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம், காற்றிருந்தால் பாயிலும், இல்லையென்றால் துடுப்பிலும் கரை சேரலாம், வந்த பின் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தோளில் சுமந்து மேட்டில் ஏற்றிவிடலாம். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட, சிறு மீனவர்களுக்கான பன்னாட்டுத் திட்டமான வங்காள விரிகுடாத் திட்டம் கரையில் ஏற்றி இறக்கக்கூடிய சிறு படகுகளை வடிவமைப்பதில் பல ஆண்டுகள் உழைத்தது. பின்னர் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஏராளமான கட்டுமரங்களைக் கொண்டுபோனபோது, அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளையே பெரும்பாலும் வழங்கின. அந்தப் படகு வேகமாகப் போகும், தூரம் போகும், மீனும் கூடுதலாக ஏற்றும். ஆனால் இன்ஜின் நின்றுவிட்டால் அதைத் துடுப்பால் வெகுதூரம் செலுத்த முடியாது. அதிலுள்ள நாலைந்து பேரால் மணலில் ஏற்றவும் முடியாது. அதனால்தான் ஃபைபர் படகு வந்த பிறகு, கரையில் உள்ள ஒவ்வொரு படகுக்காரரும் மற்றவருக்கு முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறார். புதியவர் இதைப் புரிந்துகொண்டால் இனி வருவது எல்லாம் எளிதாக விளங்கும்.

முதலில் கரை, பிறகு படகு

படகைப் பார்க்கப் போவதற்கு முன், அதை எந்தக் கரையில் நிறுத்தப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளும் இருப்பதால் அங்கே சங்கங்களின் வழியாகப் பேச வேண்டியிருக்கும். நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், ஊரூர் குப்பம், திருவான்மியூர் குப்பம், கொட்டிவாக்கம், நீலாங்கரை போன்ற இடங்களில் மணல்தான் துறை. எந்தப் படகு எந்த இடத்தில் ஏறும் என்பது அங்குள்ள எல்லாருக்கும் தெரியும். உங்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் இடம், விடியற்காலையில் கடலுக்குப் போயிருக்கும் ஒரு படகின் இடமாக இருக்கக்கூடும். ஆகவே ஊர்ப் பஞ்சாயத்தாரை நேரில் பார்த்து, படகு வாங்க நினைப்பதைச் சொல்லி, இடம் கேளுங்கள். சொந்த ஊரே ஆனாலும் சொல்லிவிட்டு வாங்குவதுதான் முறை. வேறு ஊரிலிருந்து வந்தவராக இருந்தால் அந்த ஊரில் படகு வைத்திருக்கும் உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊர் வரி எவ்வளவு, கோயில் திருவிழாவுக்குப் படகுக்கு என்ன தர வேண்டும், எந்தெந்த நாள்களில் தொழிலுக்குப் போகக் கூடாது என்பவற்றை அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் இருக்கும் வழக்கம் பல குப்பங்களில் உண்டு. தெரியாமல் இறங்கிப் போய்விட்டு, பிறகு விளக்கம் சொல்வது மிகவும் கடினம்.

இடம் கிடைத்த பின்னும் அவசரப்பட வேண்டாம். சில வாரங்களாவது, காலையில் படகுகள் கரையேறும் நேரத்துக்குப் போய் நின்று, யாரும் கூப்பிடுவதற்குக் காத்திராமல் கைகொடுங்கள். அலை வந்து படகின் பின்புறத்தைத் தூக்கும்போது எல்லாரும் சேர்ந்து தள்ள வேண்டும். தண்ணீர் வடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அதற்குக் கரைப்பக்கமாக நிற்காதீர்கள்; அடுத்த அலை அதை உங்கள் காலின் மேல் ஏற்றிவிடும். இப்போது பல கரைகளில் டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள் என்றாலும், கயிறு மாட்டவும் படகைச் சாயாமல் பிடிக்கவும் ஆள் தேவைப்படத்தான் செய்கிறது. இப்படித் தோள் கொடுத்த நாள்களில்தான் உங்கள் முகம் கரையில் பதியும். யார் படகுக்கு யார் ஓடி வருகிறார்கள், யார் யாரிடம் பேசுவதில்லை, எந்தப் பெரியவர் சொன்னால் சண்டை நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியவரும். என் பார்வையில், படகுக்குக் கொடுக்கும் முன்பணத்தைவிட இதுவே பெரிய முதலீடு.

படகு பார்க்கப் போகும்போது

பழைய படகு வாங்குவதாக இருந்தால், பல ஆண்டு அனுபவமுள்ள படகுக்காரர் ஒருவரை, 'அண்ணே, நீங்க வந்து ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க' என்று கேட்டு அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள்; தம் அனுபவத்தை மதித்துக் கேட்கிறான் என்ற மகிழ்ச்சி அவருக்கு இருக்கும். அவர் முதலில் பார்ப்பது இன்ஜின் பொருத்தும் பின்பலகையை. அங்கு விரிசல் இருந்தால் அந்தப் படகு வேண்டாம் என்பார். பிறகு அடிப்பாகத்தை விரலால் தட்டிக்கொண்டே போவார். ஓசை மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கலாம் அல்லது உள்ளே தண்ணீர் ஏறியிருக்கலாம். மணலில் உரசித் தேய்ந்த அடிக்கட்டையை ரெசினும் ஃபைபர் மேட்டும் வைத்து முன்பு எத்தனை முறை ஒட்டியிருக்கிறார்கள் என்பதையும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

காகிதங்களில் கவனம் வையுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் படகு பதிவாகியிருக்க வேண்டும். படகில் எழுதியுள்ள எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பது நல்லது. எந்தக் காகிதத்திலும் வராத ஒன்றும் உண்டு. முந்தைய உரிமையாளர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, 'இந்தப் படகு மீன் உங்களுக்குத்தான்' என்று வாக்குக் கொடுத்திருக்கலாம். அந்தக் கடன் தீராமல் படகு கை மாறினால் முதல் நாளே ஏலத்தில் தகராறு வரும். இதைக் கரையில் உள்ளவர்களிடம்தான் விசாரிக்க முடியும். விசாரித்தால் மறைக்காமல் சொல்வார்கள்.

ஆட்களும் பங்கும்

ஃபைபர் படகில் வழக்கமாக மூன்று முதல் ஐந்து பேர் போவார்கள். மீன் விற்ற பணத்தில் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்து, மீதியைப் படகு, இன்ஜின், வலை ஆகியவற்றுக்கும் ஆட்களுக்கும் பங்கு வைப்பது வழக்கம். விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். உங்கள் கரையில் எந்த விகிதம் நடக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். நல்ல ஆள் கிடைக்கவேண்டும் என்பதற்காக முதல் மாதத்திலேயே கூடுதல் பங்கு தருவதாகச் சொல்லி அடுத்த படகிலிருந்து ஆளை இழுப்பவர், அந்த ஒரு ஆளைப் பெற்றுப் பத்துப் படகுக்காரர்களின் நம்பிக்கையை இழக்கிறார். வேறு படகில் இருந்த ஒருவர் தாமாகவே வர விரும்பினாலும், அந்தப் படகுக்காரரிடம் அவர் வாங்கிய முன்பணம் தீர்ந்ததா என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலையால் வரும் சண்டையும் வலையால் வளரும் நட்பும்

கரையில் நடக்கும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி வலையிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். செவுள் வலை (மீன் செவுள் மாட்டிச் சிக்கும் வலை) விரிப்பவர் வலையின் முனைகளில் பகலில் தெரியும்படி கொடிக் கம்பும் இரவில் தெரியும்படி மினுக்கும் விளக்கும் கட்டுகிறார். கொடியைக் கண்டதும் வலை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதை நீரோட்டத்தைப் பார்த்துக் கணித்து, அதன் மேலோ மிக அருகிலோ உங்கள் வலையை விடாமல் விலகிப் போங்கள். வாடைக் காற்று, கச்சான் காற்று என்று காற்றுக்குப் பெயர் இருப்பதுபோலவே வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் நம் கரையில் பெயர்கள் உண்டு. அன்றைக்கு எந்த ஓட்டம் நடக்கிறது என்பதைப் புறப்படும்போதே பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டால், வலை எந்தப் பக்கம் நகரும் என்பதை முன்கூட்டியே அறியலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாள் இரண்டு வலைகள் பின்னிக்கொள்ளும். அப்போது கத்தியை எடுக்காதீர்கள். இரண்டு படகுகளும் அருகருகே வந்து, பொறுமையாகப் பிரித்து எடுப்பதுதான் வழக்கம். எதிர்ப்படகு அருகில் இல்லாமலும் கடல் கெட்டும் இருந்து, அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் வலையை அறுங்கள். அடுத்தவருடையதை அறுக்க நேர்ந்தால், மிதவைக் கயிற்றையும் அடிக்கயிற்றையும் மறுபடி முடிந்து விட்டுவிட்டு, கரை ஏறியதும் அவரைத் தேடிப் போய் நீங்களே சொல்லுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருப்பது தவறு. முதலில் கோபப்படுவார், ஆனால் சொல்லாமல் விட்டு, பிறகு வேறு ஒருவர் வாயால் அவர் கேள்விப்பட்டால் அது பஞ்சாயத்துக்குப் போகும், அபராதம் வரும், இரு வீட்டாருக்கும் இடையே பேச்சு நின்றுபோகும். இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தால் பணமாகக் கொடுப்பதைவிட, அவரோடு உட்கார்ந்து வலையைச் செப்பம் செய்து கொடுப்பது நல்லது. ஒரு மாலை முழுவதும் எதிரெதிரே அமர்ந்து வலை கட்டிய இருவர் மறுநாள் பகைவர்களாக இருப்பதை நான் பார்த்ததில்லை.

காற்றில் அறுந்து மிதந்து வரும் வலையைக் கண்டால் முடிந்தவரை எடுத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். மிதவையின் நிறம், முடிச்சுப் போட்ட விதம், கட்டியிருக்கும் துணி இவற்றைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். அதிலிருக்கும் மீனை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமா என்பதை உரிமையாளரிடம் கேளுங்கள். வலை கிடைத்த மகிழ்ச்சியில் பெரும்பாலும் அவரே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

தண்ணீரில் இடத்தைப் பகிர்ந்துகொள்வதில் நம் கடற்கரைக்கு நீண்ட பழக்கம் உண்டு. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில், மீன் அதிகம் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதை முறைவைத்துக் கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இருக்கிறது. நம் திறந்த கடலில் அப்படி முறை வைக்க முடியாது. ஆனால் முதலில் வந்தவருக்கு முதல் இடம், பின்னால் வந்தவர் விலகி விரிக்க வேண்டும் என்பதில் அதே நியாயம்தான் இருக்கிறது.

கடலில் பேச்சும் துணையும்

புறப்படும்போது எந்தத் திசையில், எத்தனை பாக (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) ஆழத்துக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்வதோடு கரையில் ஒரு படகுக்காரரிடமும் சொல்லுங்கள். முதல் பருவத்தில் தனியாகப் போகவே வேண்டாம். இரண்டு அல்லது மூன்று படகுகள் ஒருவர் கண்ணில் மற்றவர் படும் தூரத்தில் தொழில் செய்வதாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் கைப்பேசி வேலை செய்யும். தள்ளிப் போகப் போக அதை நம்ப முடியாது. வி.எச்.எஃப். கருவி (படகுகள் ஒன்றோடொன்று பேசும் வானொலிக் கருவி) வைத்திருந்தால், 16-ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது என்பதை நினைவில் வையுங்கள். கூப்பிட்டவர் பதில் சொன்னதும் வேறு அலைவரிசைக்கு மாறிப் பேசுங்கள். மீன் விலையையும் வீட்டுக் கதையையும் 16-இல் பேசிக்கொண்டிருந்தால், அதே நேரத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் குரல் யாருக்கும் கேட்காமல் போகும். கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இலவச எண்களைப் படகில் அழியாத மையில் எழுதிவையுங்கள்.

மீன் இருக்கும் இடத்தைச் சொல்லலாமா என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். கவளை, கானாங்கெளுத்தி போலக் கூட்டமாக வரும் மீனை ஒரு படகால் முழுவதும் அள்ள முடியாது. உங்கள் வலை நிறைந்த பின் துணைப் படகுக்கு ஒரு குரல் கொடுங்கள். உங்களுக்கு வெறுங்கையாகத் திரும்பும் நாள் வரும்போது அந்தக் குரல் திரும்பி வரும். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கேட்டவரிடம் பொய்யான திசையைச் சொல்லாதீர்கள். எரிபொருள் செலவழித்து ஏமாந்து வந்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.

இனி இன்ஜின் நிற்கும் நாளைப் பற்றி. பிளக், ஃபியூல் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கூடுதல் புரொப்பல்லர், அவற்றைக் கழற்றி மாட்டும் ஸ்பேனர்கள், நங்கூரம், நீளமான கனத்த கயிறு ஆகியவை எப்போதும் படகில் இருக்க வேண்டும். அடுத்தவரிடம் ஒரு பிளக் வாங்கிப் போட்டு வந்தால், மறுநாள் புதிய பிளக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பழையதைக் கழற்றிக் கொடுப்பது மரியாதை இல்லை. சரிசெய்ய முடியவில்லை என்றால் முதலில் நங்கூரம் போடுங்கள். சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் வந்து போகும் தடத்தில் அடித்துச் செல்லப்படுவது மிகவும் ஆபத்தானது. பிறகு துணைப் படகை அழையுங்கள்.

அழைப்பு உங்களுக்கு வந்தால், வலை பாதி விரித்த நிலையில் இருந்தாலும் போகத்தான் வேண்டும். முனையில் கொடி கட்டிவிட்டுப் போய்விட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். கயிற்றை இழுபடும் படகின் முன்பக்க வளையத்தில் கட்டுங்கள். இரண்டு படகுகளும் அலையில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி கயிற்றின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்து, மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இழுபடும் படகில் ஒருவர் பின்னால் நின்று துடுப்பால் திசை பிடிக்க வேண்டும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே வந்ததும் நில்லுங்கள். அங்கே கயிற்றோடு அலைக்குள் நுழைந்தால் இரண்டு படகும் கவிழும். கரைக்குத் தகவல் சொல்லி, ஆட்கள் வந்து நின்ற பிறகு, பெரிய அலைகள் வரிசையாக வந்து போய்ச் சற்று அடங்கும் இடைவெளியைப் பார்த்து, கயிற்றை விட்டு, ஒவ்வொன்றாகக் கரையேற்றுங்கள்.

இழுத்து வந்தவருக்குப் பணம் கொடுக்க முயலாதீர்கள். வாங்கமாட்டார், வருத்தமும் படுவார். செலவான எரிபொருளை மட்டும், கேட்கும் முன்பே, கேனில் ஊற்றிக் கொண்டுபோய் அவர் படகில் வைத்துவிடுங்கள். அவருடைய ஆட்கள் அன்றைய தொழிலை விட்டு வந்திருந்தால் உங்கள் மீனில் குழம்புக்குக் கொடுங்கள். இதற்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மீன் விற்கும் பெண்கள்

படகுக்காரர்களின் நட்பு என்று பேசும்போது கூடையோடு கரையில் காத்திருக்கும் பெண்களை விட்டுவிடக் கூடாது. உங்கள் மீன் பணமாவது அவர்கள் கையில்தான். எந்தப் படகு இன்னும் திரும்பவில்லை என்பதை முதலில் கவனிப்பவர்களும் அவர்களே. சொந்தக் குப்பத்துப் பெண்களுக்கு முதலில் மீன் காட்டுங்கள். காலையில் எடுத்து மாலையில் பணம் தரும் வழக்கத்தை மதியுங்கள். 'அக்கா, சாயங்காலம் குடுங்க' என்று சொல்லும் படகுக்காரருக்குத்தான் மீன் மலிந்து குவிந்த நாளிலும் அவர்கள் கூடை நீட்டுவார்கள்.

காற்று மழைக் காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானிலை மையத்தின் எச்சரிக்கை வந்து ஊர் ஒலிபெருக்கியில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டால், கடல் அமைதியாகத் தெரிந்தாலும் போகாதீர்கள். ஒரு படகு மீறிப் போய் மாட்டிக்கொண்டால், அதைத் தேடி ஐந்து படகுகள் உயிரைப் பணயம் வைத்து இறங்க வேண்டியிருக்கும். இறங்கவும் செய்வார்கள் என்பதனாலேயே அந்த நிலையை உண்டாக்கக் கூடாது. 2016-இல் வர்தா, 2022-இல் மாண்டஸ், 2023-இல் மிக்ஜாம் என்று டிசம்பர்ப் புயல்கள் நம் கரையை விடாமல் தாக்கியிருக்கின்றன. எச்சரிக்கை வந்த அன்றே இன்ஜினையும் வலையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். டிராக்டர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு எல்லாப் படகுகளையும் மேட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று இடிக்காதபடி சாக்கோ பழைய டயரோ இடையில் வைத்துக் கட்டுங்கள். உரிமையாளர் மருத்துவமனையிலோ வெளியூரிலோ இருக்கும் படகை முதலில் ஏற்றுவது நல்ல கரைகளின் வழக்கம்.

ஊருக்குள் தண்ணீர் வரும்போது

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது குப்பத்துப் படகுக்காரர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி நகரத் தெருக்களுக்குக் கொண்டுபோய், மாடிகளில் சிக்கியிருந்தவர்களை மீட்டார்கள். 2023 டிசம்பரிலும் அப்படியே போனார்கள். உங்களுக்கும் அப்படி ஓர் அழைப்பு வரலாம். அப்போது தனியாகக் கிளம்பாமல், பஞ்சாயத்து வழியாக, எந்தப் பகுதிக்கு எத்தனை படகு என்று அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டு போங்கள். சிறிய படகுகளே தெருவுக்கு ஏற்றவை. தண்ணீருக்கு அடியில் மதில், கம்பி, திறந்த சாக்கடை மூடி, நிறுத்தி வைத்த வண்டி எல்லாம் இருக்கும் என்பதால் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியால் ஊன்றிச் செல்லுங்கள். ஒருவர் முன்னால் நடந்து தடம் பார்க்கட்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்துகொள்ளாமல் தெருவில் இறங்காதீர்கள். அந்தப் பகுதியை அறிந்த ஒருவரைப் படகில் ஏற்றிக்கொண்டு, முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் எடுங்கள். திரும்பி வந்த படகின் அடிப்பாகம் கீறியும் கிழிந்தும் இருக்கும். அந்தச் செலவைப் போய் வந்த படகுக்காரர் தலையில் விடாமல் கரையிலுள்ள எல்லாப் படகுகளும் பங்கிட்டுக்கொள்ளும் என்பதை, லாரியில் ஏற்றுவதற்கு முன்பே ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.